சரியான கோடு போட்டும் கிளைம் ஏன் திரும்பி வருகிறது?

டாக்டரின் குறிப்பில் உள்ள நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக, அதாவது கோடுகளாக (code), மாற்றுவதுதான் மெடிக்கல் கோடிங். அந்தக் கோடுகளோடு இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்புவது கிளைம். இதைக் கற்றுக்கொள்பவர்களுக்குப் புத்தகத்தில் கோடு தேடுவதிலேயே முதல் சில மாதங்கள் போய்விடுகின்றன. அது தேவையான பயிற்சிதான். ஆனால் ஒவ்வொரு கோடும் தனித்தனியே சரியாக இருந்தும் கிளைம் திரும்பி வருவதுண்டு. எந்த நோய்க்காக எந்த வேலை நடந்தது என்ற இணைப்பு அதில் எங்கோ அறுந்திருக்கும். இந்தத் தொழிலின் உயிர்நாடி அந்த இணைப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதனால் அமெரிக்க முறையில் ஒரே ஒரு விசிட்டை எடுத்துக்கொண்டு, டாக்டரின் குறிப்பிலிருந்து பணம் வரும்வரை அது போகும் வழியைப் பார்க்கலாம்.

அதற்கு முன் கோடுத் தொகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. நோயாளி ஏன் வந்தார் என்பதைச் சொல்வது ஐசிடி-10-சிஎம். 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, மூன்று முதல் ஏழு இலக்கம் வரை நீளும். டாக்டர் என்ன செய்தார் என்பதற்குச் சிபிடி, ஐந்து இலக்கம், அமெரிக்க மருத்துவச் சங்கம் பராமரிப்பது. மருந்து, உபகரணம், ஆம்புலன்ஸ் முதலியவற்றுக்கு ஹிக்பிக்ஸ் லெவல் 2, ஒரு எழுத்தும் நான்கு எண்ணும். அட்மிட் ஆன நோயாளிக்கு மருத்துவமனை போடும் பில்லில் மட்டும் அறுவை சிகிச்சைக்கு ஐசிடி-10-பிசிஎஸ் வரும். ஐசிடி ஒவ்வோர் அக்டோபர் 1 அன்றும், சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கப்படுகின்றன. பில் போடும் தேதியைப் பார்க்கக் கூடாது, சேவை நடந்த தேதியில் எந்தக் கோடு செல்லும் என்றுதான் பார்க்க வேண்டும். கீழ் முதுகுவலிக்கு எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த எம்54.5, 2021 அக்டோபர் 1-ல் செல்லாததாகி, எம்54.50, எம்54.51, எம்54.59 என்று மூன்றாகப் பிரிந்தது. மென்பொருளில் சேமித்து வைத்திருக்கும் பழைய பட்டியலை மாற்றாமல் விட்டால் இப்படிப்பட்ட கோடுகள் வாசலிலேயே திரும்பிவிடும்.

இனி நம் நோயாளி. மெடிகேர் (அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) உள்ளவர். டைப் 2 சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் நிலை 3ஏ ஆகியவற்றின் தொடர் பரிசோதனைக்குக் கிளினிக்குக்கு வருகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றுகிறார். அதே விசிட்டில் வலது முழங்கால் வலியைச் சொல்கிறார். டாக்டர் பரிசோதித்து, பிரைமரி ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்) என்று எழுதி, மூட்டுக்குள் 40 மி.கி. டிரையாம்சினலோன் ஊசி போடுகிறார்.

முதலில் நோய்க் கோடுகள். புதியவர்கள் இங்கே இ11.9, ஐ10, என்18.31 என்று மூன்று தனி நோய்களாகப் போட்டுவிடுவார்கள். ஐசிடி வழிகாட்டியின் 'வித்' விதிப்படி, டாக்டர் வேறு காரணம் எழுதாதவரை சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு இருப்பதாகவே கொள்ள வேண்டும். உயர் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அப்படியே. ஆகவே இ11.22, ஐ12.9, அவற்றுக்குப் பின்னால் நிலையைக் காட்டும் என்18.31. சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதற்கு இசட்79.84. முழங்காலுக்கு எம்17.11, அதன் கடைசி 1 வலது காலைக் குறிக்கிறது. குறிப்பில் வலது என்று தெளிவாக இருக்கும்போது, பக்கம் சொல்லாத எம்17.10 போடுவது அலட்சியம். பல பேயர்கள் (பணம் தரும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள்) அதை ஏற்பதும் இல்லை.

டாக்டர் 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தால்? வெளிநோயாளி விசிட்டில் அந்த நோயைக் கோடு செய்யக் கூடாது, அறிகுறியை மட்டும் கோடு செய்ய வேண்டும். உள்நோயாளியை டிஸ்சார்ஜ் செய்யும்போதும் அதே சந்தேகம் நீடித்தால், மருத்துவமனை தன் பில்லில் அந்த நோய் இருப்பதாகவே கோடு செய்யலாம். இரண்டு விதிகளும் நேர் எதிரானவை. இன்பேஷன்ட் வேலையிலிருந்து அவுட்பேஷன்டுக்கு மாறுபவர்கள் இதில் தடுக்கி விழுவது சகஜம். வெறும் சந்தேகத்துக்குப் போட்ட புற்றுநோய்க் கோடு நோயாளியின் பதிவில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்பதால், இந்த விதியைத் தலைகீழாகச் சொல்லும் அளவுக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து விசிட்டின் நிலை. 2021 முதல் கிளினிக் விசிட்டை மருத்துவ முடிவெடுப்பின் சிக்கலை வைத்தோ, அன்றைய மொத்த நேரத்தை வைத்தோ தீர்மானிக்கலாம். இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள், எழுதிக் கொடுக்கும் மருந்தில் மாற்றம் என்ற இரண்டுமே மிதமான சிக்கல். நோய்கள், பார்த்த தரவுகள், சிகிச்சையின் ஆபத்து என்ற மூன்று கூறுகளில் இரண்டு பொருந்தினால் போதும் என்பதால் விசிட்டுக்கு 99214. நேரத்தை வைத்துப் போடுவதானால் 99214-க்குக் குறைந்தது 30 நிமிடம், அதற்கு ஒரு படி கீழே உள்ள 99213-க்கு 20. ஊசிக்குத் தனியாகப் பில் போடுவதால் அதற்கான நிமிடங்களை இதில் சேர்க்கக் கூடாது.

மூட்டுக்குள் ஊசி போட்டது 20610, வலது பக்கத்துக்கு ஆர்டி மாடிஃபையர் (கோடோடு ஒட்டும் இரண்டு இலக்கக் குறி). ஒரே நாளில் விசிட்டும் ஊசியும் இருப்பதால் 99214-க்கு, விசிட் தனி வேலை என்று காட்டும் மாடிஃபையர் 25 வேண்டும். தணிக்கையாளர்கள் அதிகம் தோண்டிப் பார்க்கும் இடம் இது. ஊசி போடலாம் என்று முடிவெடுக்கும் வேலை 20610-க்குள்ளேயே அடங்கியது, அதற்கென்று தனி விசிட் கிடையாது. முன்பே திட்டமிட்ட ஊசிக்காக மட்டும் நோயாளி வந்திருந்தால் 99214-ஐப் போடவே கூடாது. நம் நோயாளிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் தொடர்பான வேலை தனியாக நடந்திருக்கிறது, தனியாக எழுதப்பட்டும் இருக்கிறது. மாடிஃபையர் 25-க்கு நியாயம் அந்த எழுத்துதான். மென்பொருள் எச்சரிக்கை காட்டுகிறதே என்று 25 ஒட்டும் பழக்கம் ஆபத்தானது.

மருந்துக்கு ஹிக்பிக்ஸ் கோடு ஜே3301. அதன் விளக்கத்தில் 10 மி.கி.க்கு ஒரு யூனிட் என்று இருக்கிறது, ஆகவே 40 மி.கி. என்றால் 4 யூனிட். 'ஒரு ஊசி, ஒரு யூனிட்' என்று போட்டால் முக்கால் பங்கு பணம் போய்விடும். மறுபுறம் 40 என்று அடித்தால் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்று மறுப்பு வரும். ஒவ்வொரு ஜே கோடிலும் அளவு வேறு: செஃப்ட்ரையாக்சோன் ஜே0696 250 மி.கி.க்கு, கீட்டோரோலாக் ஜே1885 15 மி.கி.க்கு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குப்பியாக இருந்து மீதம் எதுவும் இல்லை என்றால் ஜேஇசட் மாடிஃபையர், மீதத்தைக் கொட்டியிருந்தால் அந்த அளவுக்குத் தனி வரியில் ஜேடபிள்யூ. மெடிகேருக்கு ஜேஇசட் 2023 ஜூலை 1 முதல் கட்டாயம். பல பேயர்கள் மருந்தின் என்டிசி எண்ணையும் (தேசிய மருந்து அடையாள எண்) கேட்பார்கள். குப்பியில் 10 இலக்கமாக அச்சடித்திருக்கும், கிளைமில் 5-4-2 என்ற அமைப்பில் 11 இலக்கமாகப் போக வேண்டும். எந்தப் பகுதியில் ஓர் இலக்கம் குறைகிறதோ அதன் முன்னால் பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும். மொத்த எண்ணின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் அது வேறு மருந்தாகிவிடலாம்.

இப்போது டாக்டரின் கிளைமை நிரப்பும் சிஎம்எஸ்-1500 படிவம். பெட்டி 21-ல் 12 நோய்க் கோடுகள் வரை போடலாம். நம்முடையவை ஐந்து, ஏ முதல் இ வரை. பெட்டி 24-ல் ஆறு சேவை வரிகள். 24இ-தான் நான் சொன்ன இணைப்பு: இந்த வேலை எந்த நோய்க்காக என்று ஒவ்வொரு வரியும் நான்கு எழுத்துகள் வரை சுட்டலாம். 99214 சுட்ட வேண்டியது ஏ, பி, சி, டி. 20610-ம் ஜே3301-ம் சுட்ட வேண்டியது இ மட்டும். மென்பொருளின் இயல்பு அமைப்பை அப்படியே விட்டால் எல்லா வரிகளும் ஏ-யைச் சுட்டி நிற்கும். சர்க்கரை நோய்க்கு முழங்காலில் ஊசி போட்டதாகப் பேயர் வாசிப்பார், நோயும் சேவையும் பொருந்தவில்லை என்னும் சிஓ-11 குறியோடு மறுப்பார். கோடுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் தவறு கண்ணில் படாது, ஏனென்றால் அவற்றில் தவறே இல்லை.

24பி-யில் சேவை நடந்த இடம். தனிக் கிளினிக் 11, மருத்துவமனை வளாகத்து வெளிநோயாளிப் பிரிவு 22. மெடிகேர் கட்டணத்தில் டாக்டரின் உழைப்பு, நடத்தும் செலவு, வழக்குக் காப்பீடு என்று மூன்றுக்கும் தனித்தனி ஆர்வியு (ஒப்பீட்டு மதிப்பு எண்) உண்டு. அவற்றை ஊருக்கேற்ற குறியீட்டால் பெருக்கிக் கூட்டி, மாற்றுக் காரணியால் பெருக்கினால் தொகை வரும். 2025-ல் அந்தக் காரணி 32.3465 டாலர். இடம் 22 என்றால் செலவுப் பங்கு குறையும், அதை மருத்துவமனை தன் பில்லில் தனியாக வாங்கிக்கொள்ளும். 22 போட வேண்டிய இடத்தில் 11 போட்டால் டாக்டருக்குக் கூடுதல் பணம் வரும். பிறகு வட்டியோடு கேள்வியும் வரும்.

கிளைம் 837பி என்ற மின்னணு வடிவில் கிளியரிங்ஹவுஸ் (கிளைமைச் சரிபார்த்துப் பேயருக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனம்) வழியாகப் போகிறது. இங்கே ரிஜெக்‌ஷன் வேறு, டினையல் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறுப்பினர் எண்ணிலோ பிறந்த தேதியிலோ பிழை இருந்தால் கிளைம் பேயரின் சிஸ்டத்துக்குள்ளேயே நுழையாது. அது ரிஜெக்‌ஷன், திருத்திப் புதிதாக அனுப்பலாம். உள்ளே போய்ப் பரிசீலனை முடிந்து மறுக்கப்பட்டது டினையல். அதை மறுபடி புதிய கிளைமாக அனுப்பினால் ஓஏ-18, டூப்ளிகேட் என்று வரும். தனியார் பேயர்களுக்குப் பெட்டி 22-ல் 7 என்ற குறியும் பழைய கிளைம் எண்ணும் போட்டுத் திருத்திய கிளைமாக அனுப்ப வேண்டும். டாக்டர் சேவைகளுக்கான மெடிகேர் பார்ட் பி அந்த 7-ஐ ஏற்காது, அங்கே ரீஓப்பனிங் (முடிந்த கிளைமையே மீண்டும் திறந்து திருத்துவது) கேட்க வேண்டும். தகவல் குறை என்னும் சிஓ-16 கூடவே, கிளைம் பரிசீலிக்க முடியாதது என்னும் எம்ஏ130 வந்தால் அப்பீல் உரிமையே கிடையாது, முழுமையான புதிய கிளைம்தான் வழி.

பணம் வரும்போது, எதற்கு எவ்வளவு தந்தார்கள் என்று சொல்லும் 835 மின்னணுக் கோப்பும் வரும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: பில் 250 டாலர், அனுமதித்த தொகை 125, டிடக்டிபிள் (நோயாளி முதலில் தானே கட்ட வேண்டிய ஆண்டுத் தொகை) ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீதி 125 சிஓ-45, அதாவது தள்ளுபடி. அனுமதித்ததில் 20 சதவீதமான 25 டாலர் பிஆர்-2, நோயாளியோ அவருடைய இரண்டாவது இன்சூரன்ஸோ தர வேண்டியது. மெடிகேரின் பங்கு 100, ஆனால் வங்கிக்கு வருவது 98. குறைந்த 2 டாலர் சிஓ-253, சீக்வெஸ்ட்ரேஷன் என்ற அரசுச் செலவுக் குறைப்புக் கழிவு. சிஓ (ஒப்பந்தப்படி டாக்டர் விட்டுக்கொடுக்க வேண்டியது) என்று வந்த எதையும் நோயாளியிடம் கேட்கக் கூடாது. அந்த 2 டாலரையும்தான். பிஆர் (நோயாளியின் பொறுப்பு) என்று வந்ததை வழக்கமாகத் தள்ளுபடி செய்வதும் சட்டச் சிக்கல்.

மற்ற மறுப்புகளில் சிஓ-197 முன் அனுமதி இல்லாதது, சிஓ-22 வேறு இன்சூரன்ஸ் முதலில் பணம் தர வேண்டியது, சிஓ-27 காப்பீடு முடிந்த பிறகு நடந்த சேவை. மூன்றுமே நோயாளி வருவதற்கு முன்பே 270/271 என்ற மின்னணுக் காப்பீட்டுத் தகுதி விசாரணையிலும் ஒரு போன் அழைப்பிலும் தடுத்திருக்கக் கூடியவை. கோடர்மேல் பழி போடுவதில் நியாயமில்லை, முன் மேசையில் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. ஒரு சேவை மற்றொன்றுக்குள் அடங்கியது என்னும் சிஓ-97 வந்தால், எந்தக் கோடு ஜோடிகளைச் சேர்த்துப் போடக் கூடாது என்று சொல்லும் மெடிகேரின் என்சிசிஐ அட்டவணையைப் பாருங்கள். அந்த ஜோடிக்கு 0 என்றிருந்தால் எந்த மாடிஃபையரும் அதைப் பிரிக்காது. 1 என்றிருந்தால், வேறு இடத்தில் அல்லது வேறு நேரத்தில் செய்ததற்குக் குறிப்பில் ஆதாரம் இருந்தால் மட்டும் 59 அல்லது எக்ஸ் வகை மாடிஃபையர். சிஓ-50 என்றால் மருத்துவத் தேவை ஏற்கப்படவில்லை. அந்தச் சேவைக்கான கவரேஜ் கொள்கையில் எந்த நோய்க் கோடுகள் இருக்கின்றன என்று பார்த்து, டாக்டரின் குறிப்போடு அப்பீல் செய்ய வேண்டும். குறிப்பில் இல்லாத நோயைப் பணத்துக்காகச் சேர்ப்பது மோசடி.

கெடு விஷயத்தில் மெடிகேர் தெளிவாக இருக்கிறது. சேவை நடந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கிளைம் போக வேண்டும், தவறினால் சிஓ-29. முதல் அப்பீலுக்கு, முடிவு கைக்குக் கிடைத்ததிலிருந்து 120 நாள், அடுத்த நிலைக்கு 180 நாள். தனியார் பேயர்களின் கெடு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், 90 நாளில் முடிவதும் உண்டு. அதனால் கிளியரிங்ஹவுஸும் பேயரும் அனுப்பும் 277சிஏ ஏற்பு அறிக்கையை அழிக்காமல் வையுங்கள். கிளைம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் சான்று. 'அனுப்பினோம்' என்று உங்கள் மென்பொருள் காட்டும் திரையைப் பேயர் ஒப்புக்கொள்ள மாட்டார்.