அந்தப் பென்டிரைவ் கேக்குமா?

கடையில் யாரும் கேட்டு வராத வேலை அது. லேப்டாப் வாங்கிய கையோடு அதிலிருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனை, அதாவது விண்டோஸைத் திரும்ப ஏற்றுவதற்காக டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும் பகுதியை, ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. மெதுவானாலோ வைரஸ் வந்தாலோ நேராகக் கடைக்கு வருவார்கள். "ஃபார்மேட் அடிச்சுக் கொடுங்க" என்பார்கள். அடித்துக் கொடுப்போம். அந்த ஐந்நூறு ரூபாய்களில்தான் கடை ஓடியது, அதை மறைப்பானேன்.

அந்த அக்காவும் கேட்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் டைப் செய்பவர். டிஸ்க்கை சி, டி என்று பிரித்து, வானவில் என்ற தமிழ் ஃபான்ட் ஏற்றி, பிரிண்டரைச் சேர்த்துக் கொடுப்பதற்காக வந்த புது லேப்டாப், விண்டோஸ் 8.1. பார்ட்டிஷன்களைப் பார்க்கும்போது கடைசியில், டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல், கம்பெனி கொடுத்த ரெக்கவரி பகுதி உட்கார்ந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. விண்டோஸ் 7 காலத்தில் லைசென்ஸ் கீ எல்லாம் லேப்டாப்புக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். சூட்டிலும் கைபட்டும் எழுத்து அழிந்துபோன ஸ்டிக்கர்களை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்திருக்கிறேன். 8-லிருந்து கீ மதர்போர்டுக்குள்ளேயே போய்விட்டது. ரெக்கவரி பகுதியில் இருக்கும் கம்பெனி இமேஜை, அதாவது விண்டோஸின் முழுப் பிரதியை, அப்படியே திரும்ப ஏற்றினால் டச்பேட், சவுண்ட், வைஃபை டிரைவர் முதற்கொண்டு எல்லாம் வந்துவிடும், ஆக்டிவேஷனும் தானாக நடக்கும், திருட்டு விண்டோஸ் தேவையே இல்லை. ஆனால் அந்த இமேஜ் இருப்பது அதே ஹார்டு டிஸ்க்கில். டிஸ்க் போனால் அதுவும் போச்சு. மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருகிற கதைதான்.

ஆகவே ஒரு 32 ஜிபி பென்டிரைவ் வாங்கச் சொன்னேன். விண்டோஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. ரெக்கவரி டிரைவ் என்று தேடி, பார்ட்டிஷனையும் சேர்த்துக் காப்பி எடு என்ற கட்டத்தில் டிக் போட்டு விட்டால், பென்டிரைவில் முன்பு இருந்ததை அழித்துவிட்டு மெதுவாக எழுத ஆரம்பிக்கும். முடிந்ததும் கீழே சின்னதாக ஒரு வரி வரும்: ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கிவிடலாமா, இடம் கிடைக்கும் என்று. அதை நான் தொடுவதில்லை. இடம் இருக்கும்போது இரண்டு பிரதிகளும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பச்சைக்கோடு நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் கடை அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"என்னடே இது?"

சொன்னேன்.

"இதுக்கு எவ்வளவு வாங்கப் போறே?"

"எதுவும் இல்ல அண்ணாச்சி. சும்மா ஓடிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்."

"எல்லாருக்கும் இப்படிப் போட்டுக் கொடுத்தா, அப்புறம் நம்மகிட்ட யாரு வருவா?"

எனக்கு எரிச்சல். "ஐந்நூறு போயிடும்னு பாக்குறீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஆமா, அதையும்தான் பாக்குறேன்." கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லு. ஃபார்மேட்டுக்கு ஆள் வந்தா நாம முதல்ல என்ன கேப்போம்?"

"டேட்டா எங்க இருக்கு, டெஸ்க்டாப்புல ஏதாச்சும் வச்சிருக்கீங்களான்னு கேப்போம்."

"அந்தப் பென்டிரைவ் கேக்குமா?"

கேட்கும் என்றேன். உண்மையும் அதுதான். அது ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்கும். அண்ணாச்சி பதில் சொல்லாமல் டீ சொல்லப் போய்விட்டார். பிழைப்புக்கான பேச்சை ஊர் நன்மைக்கான பேச்சாக மாற்றிச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பில்லின் பின்பக்கத்தில் அக்காவுக்கு விவரமாக எழுதிக் கொடுத்தேன். எந்தக் கீயை அழுத்தினால் பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், முதலில் ரெஃப்ரெஷ் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதில் ஃபைல்கள் போகாது, அதற்கும் சரிவராவிட்டால் ரீசெட், அதற்கு முன்னால் பத்திர ஃபைல்களை வேறு எங்காவது காப்பி எடுத்துக்கொள்ளவும். இந்தக் கடைசி வரிக்கு அடிக்கோடு வேறு போட்டேன். பென்டிரைவையும் பில்லையும் ஒரே கவரில் போட்டு, மேலே 'லேப்டாப் மருந்து' என்று அவரே எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு நல்ல முகூர்த்த நாள். பத்திர ஆபீஸில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் அக்காவிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தம்பி, காலைல ஆன் ஆகவே இல்ல. உங்க பென்டிரைவைப் போட்டு நானே சரி பண்ணிட்டேன். புதுசு மாதிரி ஓடுது!"

எனக்கும் சந்தோஷம். அண்ணாச்சி காதில் விழும்படி, "நீங்களே பண்ணிட்டீங்களா அக்கா!" என்றேன்.

"ஆமா தம்பி. டி டிரைவ் மட்டும் காலியா காட்டுது. அது எப்ப வரும்?"

ரெஃப்ரெஷ் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஏதோ பிழை காட்டியிருக்கிறது. அடுத்து ரீசெட். 'உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேல் டிரைவ் இருக்கிறது, விண்டோஸ் இருக்கும் டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. எல்லாவற்றையும் சரி செய்யட்டும் என்று 'ஆல் டிரைவ்ஸ்' கொடுத்துவிட்டார். தப்பாகப் படித்தார் என்று சொல்ல முடியாது. பின்னால் அவர் சொன்னது இதுதான்: "அழிஞ்சிடும்னு போட்டிருந்துச்சு தம்பி, பாத்தேன். நீங்க கொடுத்ததாச்சே, நல்லதுக்குத்தான் இருக்கும்னு ஓகே கொடுத்தேன்."

இந்த வாக்கியம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. நான்தான் எழுதிக் கொடுத்தேனே, அடிக்கோடு போட்டேனே என்று எனக்குள் ஆயிரம் தடவை வாதாடியிருக்கிறேன். திரையும் எச்சரித்தது, தாளும் எச்சரித்தது. அதற்கு மேல் என்ன செய்ய? ஆனால் அந்த அடிக்கோட்டு வரியைத் திரும்பப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. லேப்டாப் திறக்காதபோதுதான் அந்தப் பென்டிரைவே தேவைப்படும். திறக்காத லேப்டாப்பிலிருந்து அவர் எதை, எப்படிக் காப்பி எடுப்பார்? கடைக்கு வந்திருந்தால் நான் டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டியிருப்பேன், அல்லது லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து ஃபைல்களை எடுத்திருப்பேன். இதையெல்லாம் பில்லின் பின்பக்கத்தில் எழுத முடியாது. அதற்காகக் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டுமா? தன் பொருளைத் தானே சரிசெய்யத் தெரிந்துகொள்வது தப்பில்லையே.

அன்று மாலையே லேப்டாப் வந்தது. நல்லவேளை, 'முழுவதும் சுத்தம் செய்' என்பதைக் கொடுக்கவில்லை, அதற்கு நேரமாகும் என்று போட்டிருந்ததாம். டிஸ்க்கை வெளியே எடுத்து, அழிந்த ஃபைல்களை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டினோம். அது ஃபைலைத் தோண்டி எடுக்கும், பெயரைத் தராது. யாருடைய கிரயப் பத்திரம், எந்த வருஷம் என்று அவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பெயர்களுக்குப் பதிலாக ஒரு எஃப், அதற்குப் பின்னால் ஒரு நீளமான எண். அப்படி ஃபோல்டர் ஃபோல்டராக வந்து விழுந்தது. திறந்தால் எல்லாம் கிறுக்கல். ரீசெட்டில் வானவில் ஃபான்ட்டும் போயிருந்தது. அதை ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தோம். சிலது முழுசாக இருந்தது. சிலது 'கிழக்கே வண்டிப்பாதைக்கும்' என்பதோடு நின்றுபோயிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியைப் பார்த்ததும் இது இன்னார் வீட்டுப் பத்திரம் என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அண்ணாச்சியும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் செய்தது ஒன்றே ஒன்று: டேட்டா ரெக்கவரிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பில் போட்டார். அக்கா கொடுத்துவிட்டார். அதில் என் பங்கும் வந்தது, வாங்கிக்கொண்டேன். போகும் ஐந்நூறைப் பற்றிக் கவலைப்பட்டவருக்கு மூன்று மடங்காகத் திரும்பி வந்தது. அவர் சொன்னது சரியாகவும் போயிற்று, அவருக்கு லாபமாகவும் போயிற்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

இப்போது தனியாகத்தான் வேலை பார்க்கிறேன். ரெக்கவரி டிரைவ் நானாக யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. கேட்டால் போடலாம் என்று வைத்திருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. விண்டோஸ் 10-க்கு 2020-ல் வந்த ஓர் அப்டேட்டிலிருந்து ரீசெட்டே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வசதி வந்துவிட்டதால் தேவையும் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். இயங்காத லேப்டாப்புக்கு, அதுவும் நெட் இல்லாத இடத்தில், தேவை குறையவில்லை என்பதும் தெரியும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததையொட்டி, இடையில் 10-க்கு மாறியிருந்த அக்கா புது லேப்டாப் வாங்கிக்கொண்டு வந்தார். கேட்கும் முன்பே பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். "அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க தம்பி."

போட்டேன். பத்திர ஃபைல்களுக்குத் தனியாக ஒரு டிஸ்க் வாங்கச் சொல்லி, தினம் சாயங்காலம் காப்பி எடுக்கவும் பழக்கினேன். பிறகு, "இந்தப் பென்டிரைவ் எங்கிட்டயே இருக்கட்டுமே அக்கா, தேவைப்பட்டா கொண்டு வாங்க, நான் பண்ணித் தரேன்" என்றேன்.

"உங்ககிட்ட இருந்தா எனக்கு எதுக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.