குதிரை எத்தனை வேண்டும்?
மச்சான் புது கார் எடுக்கிறான். 150 குதிரைசக்திக்குக் குறைந்து வேண்டாமாம். தினமும் ஓட்டப்போவது தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு. காலை எட்டரை மணிக்குப் பல்லாவரத்தில் இரண்டாவது கியரைத் தாண்டினாலே அதிசயம். மீதிக் குதிரைகள் அங்கே புல் மேயுமா?

1983-இல் வந்த மாருதி 800-க்கு 40 குதிரைகூடக் கிடையாது. அதில்தான் குடும்பம் குடும்பமாக ஊட்டி ஏறினார்கள்.

எங்கள் வண்டி 67. போன மாதம் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகக் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் ஏசியை அணைத்துவிட்டு, முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறியது. (அம்மா கந்தசஷ்டி கவசத்தை இரண்டு முறை சொல்லி முடித்தார்.) அங்கே என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கும் டார்க்தான் (சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை) முக்கியம், உச்ச சக்தி அல்ல. சரி, நாலுவழிச் சாலையில் லாரியை முந்த 80, 90 இருந்தால் நிம்மதிதான். அதற்கு மேல் பெட்ரோல் பங்க்காரருக்குத்தான் லாபம்.

எல்லாம் சொன்னேன். நேற்று முன்பணம் கட்டிவிட்டான்.