மூன்றரை மிதிக்கு ஒரு ‘டக்’

மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. சுங்கை சிப்புட்டுக்குச் சைக்கிளோடு போகிறேன் என்றதும் என் மனைவி, “பேர்ப் பொருத்தம் அமோகமா இருக்கு” என்றாள். மறுநாள் மத்தியானம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த ஊருக்குள் நுழைந்தபோது நல்ல வேளை அவள் பக்கத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவே கிள்ளானிலிருந்து கிளம்பி, காடியின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்துவிட்டோம். ஈப்போவிலிருந்து பழைய சாலையில் வடக்கே 30 கிலோமீட்டர் போல வந்தால் சுங்கை சிப்புட். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பால் மரம், அதாவது ரப்பர் மரம்தான். இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. சுண்ணாம்புக்கல் மலைகள் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கின்றன.

சித்தியின் தோசையைப் பசியாறிவிட்டு ஏழரைக்கு லாசா சாலையைப் பிடித்தேன். பார்க்க அமைதியான சாலை. ஆனால் இந்த வட்டாரத் தோட்டங்களில்தான் 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதே 1960இல்தான் இந்த ஊர்க்காரரும் அப்போதைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் துண்டு போட்டு விற்ற தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சித்தப்பா அந்தச் சங்கத்தில் பங்குதாரர். இந்தக் கதையை எடுத்தால் அவர் சாப்பாடு ஆறும்வரை விடமாட்டார். அதனால்தான் வெயில் ஏறுமுன் ஓடி வந்தேன் என்றும் சொல்லலாம்.

சாலையிலிருந்து பிரிந்து ஒரு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறினேன். முந்தின நாள் மழை. குலை ஏற்றும் லோரிகள் போன தடம் இரண்டு பக்கமும் பள்ளமாக இருந்தது. ஒரு முனியாண்டி கோயில், அதற்கு எதிரே ஆளில்லாத லயத்து வீடுகள் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), அப்புறம் திடீரென்று ஒரு செங்குத்தான ஏற்றம். நான் செய்த தப்பு இங்கேதான். ஏற்றம் தொடங்குமுன் கியரை இறக்காமல், பாதி ஏறிய பிறகு, எழுந்து நின்று முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினேன். படார் என்று ஒரு சத்தம். மிதி காற்றில் இறங்கியது. நான் வலப்பக்கமாக, அதாவது செயின் பக்கமாக, சைக்கிளோடு சாய்ந்தேன். இந்த வலப்பக்கம் பின்னால் முக்கியமாகப் போகிறது. அப்போது எனக்கு அது தெரியவில்லை; முழங்காலில் ஒட்டிய மண்தான் பெரிதாகத் தெரிந்தது.

குலை வெட்டிக்கொண்டிருந்த ஓர் இந்தோனேசியத் தொழிலாளி, நீளக் கழியில் கட்டிய அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். “ராந்தாய் புதுஸ்?” என்றார். ஆமாம், செயின் அறுந்துவிட்டது. கேட்காமலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

அறுந்த இடத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. வெளிப்பக்கத் தகடு ஆணியிலிருந்து கழன்று, வாய் பிளந்து நின்றது. ஆறு மாதம் முன்பு வீட்டு முன்நடையான ஐந்தடியில் உட்கார்ந்து, செயினைக் குட்டையாக்குவதற்காக நானே தள்ளி எடுத்து, அதே பழைய ஆணியை நானே திரும்ப அழுத்திய இடம் அது. இப்போதைய மெல்லிய செயின்களில் ஆணியின் இரு முனைகளையும் தொழிற்சாலையில் கொஞ்சம் விரித்து அடைத்திருப்பார்கள். ஒருமுறை தள்ளிவிட்டால் அந்த விரிவு தேய்ந்துவிடும். திரும்ப அழுத்தினால் உட்காரும், ஓடும், ஒருநாள் செங்குத்து ஏற்றத்தில் காலை வாரிவிடும். புது ஆணி போட வேண்டும், இல்லையென்றால் குவிக் லிங்க், அதாவது கழற்றி மாட்டக்கூடிய இணைப்புக் கண்ணி. இது எனக்குத் தெரியாததா? தெரியும். அன்று கையில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த முறை பையில் ஒரு குவிக் லிங்க் இருந்தது. என்னுடையது 10 ஸ்பீடு, அதாவது பின்னால் பத்துப் பல்சக்கரம்; லிங்கும் 10 ஸ்பீடுக்கானது. 9 ஸ்பீடு லிங்க் அகலம் கூட. மாட்டலாம், ஆனால் ஆடும். செயினில் வெளி லிங்கும் உள் லிங்கும் மாறி மாறி வரும். பிளந்த வெளி லிங்கைச் செயின் கருவியால் தள்ளி எடுத்ததும் இரண்டு பக்கமும் உள் லிங்க் வந்தது. நடுவில் குவிக் லிங்கைக் கோத்து, அதை மேல்பக்கமாகக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி மிதியை ஓங்கி அழுத்தினேன். டிக். செயினின் நீளத்திலும் குறையில்லை. தொழிலாளிக்கு நன்றி சொல்லிவிட்டுப் பெருமையோடு ஏறி உட்கார்ந்தேன்.

கர கர கர.

நூறு மீட்டர் போவதற்குள் காபி அரைக்கிற சத்தம். இறங்கிப் பார்த்தால், பின்னால் கியர் மாற்றும் ஆர்.டி.யின் (ரியர் டீரெய்லர்) கூண்டுக்குள் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடு இருக்கிறதே, அதற்கு உள்ளே போக வேண்டிய செயினை வெளியே விட்டிருக்கிறேன். அவசரத்தில் செயின் கோக்கிற பாதிப்பேர் செய்கிற தப்பு என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். குவிக் லிங்கைக் கழற்ற இடுக்கி இல்லை. ஒரு கேபிள் துண்டைச் சுற்றி இழுத்து, விரல் நகம் ஒன்றைப் பலி கொடுத்து, கழற்றி மாட்டினேன்.

கர கர போய்விட்டது. அடுத்தது ‘டக்’.

இது வேறு மாதிரி. சீராக ஓடும், திடீரென்று ஒரு துள்ளல், மறுபடியும் சீர். நான் மிதி சுற்றுவதை எண்ண ஆரம்பித்தேன். மூன்றரை மிதிக்கு ஒரு டக். மறுபடியும் மூன்றரை. முன் பல்சக்கரத்தில் 32 பல், செயினில் 114 கண்ணி. 114ஐ 32ஆல் வகுத்தால் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். அதாவது செயின் முழுசாக ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை துள்ளுகிறது. அப்படியென்றால் கோளாறு செயினில் ஏதோ ஒரே இடத்தில். பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் துள்ளினால் பின் பல்சக்கர அடுக்கான கேசட்டைச் சந்தேகப்படலாம். நிற்காமல் தடதடத்தால் கேபிள் இழுப்போ ஆர்.டி.யோ. இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெயிலில் தனியாக நின்றால் மனிதனுக்குக் கணக்கு வரும் போலிருக்கிறது.

மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுற்றி, கூண்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்தேன். குவிக் லிங்குக்கு அடுத்த உள் லிங்க் முறுக்கிக்கொண்டிருந்தது. அறுந்த வேகத்தில் திருகியிருக்க வேண்டும். அதையும், அதை அடுத்த வெளி லிங்கையும் சேர்த்துத்தான் எடுக்க முடியும். ஒன்றை மட்டும் எடுத்தால் உள்ளும் உள்ளும் சந்திக்காது. எடுத்தேன். அதே குவிக் லிங்கால் சேர்த்தேன். 112 கண்ணி, ஓர் அங்குலம் குட்டை. பின்னால் பெரிய பல்சக்கரத்தில் போட்டுப் பார்த்தபோது ஆர்.டி.யின் கூண்டு ஏறக்குறைய நேராக இழுபட்டு நின்றது. அதற்குமேல் எடுத்திருந்தால் அந்தக் கியருக்குப் போனவுடன் எதையாவது பிய்த்திருக்கும்.

டக் நின்றது. ஆனால் கியர் இன்னும் சரியாக மாறவில்லை. சின்னப் பல்சக்கரங்களில் சுத்தமாக ஓடுகிறது, நடுவில் தடுமாறுகிறது, பெரிய பக்கம் போனால் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் நின்று குழறுகிறது. கேபிள் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கினேன். பெரிய பக்கம் சரியானது. சின்னப் பக்கம் கெட்டது. தளர்த்தினேன். சின்னப் பக்கம் சரி, பெரிய பக்கம் போச்சு. முக்கால் மணி நேரம் இதே வேலை. அப்புறம் ஓரக் கட்டுப்பாட்டுத் திருகுகளையும் தொட்டேன். செயின் ஆரக்கம்பிக்குள் விழாமல் காப்பதே அவைதான். தொடவே கூடாத நேரத்தில் தொட்டேன். கடைசியில் ஒரே கியர்தான் கேட்டது. இறக்கங்களில் உருண்டு, ஏற்றங்களில் தள்ளி, ஒரு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தேன்.

பட்டணத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மோட்டார் பட்டறை. மகன் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா முக்காலியில் உட்கார்ந்து கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். “நாங்க சைக்கிள் பாக்குறதில்லைங்க” என்றார் மகன். பெரியவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

“செயின் அறுந்துச்சா, சைக்கிள் விழுந்துச்சா?”

“ரெண்டும்தான் ஐயா.”

“எந்தப் பக்கம் விழுந்துச்சு?”

“செயின் பக்கம்.”

“அப்புறம் ஏன் தம்பி மேல கெடக்குற திருகைப் போட்டு முறுக்கிகிட்டு வர்றீங்க?”

இத்தனைக்கும் அவர் கியர் சைக்கிள் ஓட்டினதே இல்லையாம். தோட்டத்தில் பால் வெட்டுக்காரர்களின் சைக்கிள்களை இருபது வருஷம் பழுது பார்த்தவர். இரண்டு பக்கமும் பால் டின் தொங்க, விடியற்காலை இருட்டில் வேர் தடுக்கி விழுகிற சைக்கிள்கள். “பால் கொட்டுனா கூலி போச்சு. அதனால கோணலைக் கண்ணாலயே பிடிச்சிடுவேன்.” சைக்கிளின் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடினார். “வா, நீயே பாரு” என்றார். மரியாதை போனதே தெரியாத அளவுக்கு எனக்கு ஆர்வம். பின்னாலிருந்து பார்த்தால், மேலே பல்சக்கரம் நேராக நிற்கிறது; அதற்குக் கீழே ஆர்.டி.யின் குட்டிச் சக்கரங்கள் கால் நொண்டுகிறவன்போல ஆரக்கம்பிப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. கேபிள் அல்ல. ஆர்.டி. தொங்குகிற ஹேங்கர் வளைந்திருக்கிறது. சட்டகத்தைக் காப்பாற்றுவதற்காகவே மெத்தென்ற அலுமினியத்தில் செய்யும் துண்டு அது. ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான் அதைக் கடைசியிலும் பார்க்கவில்லை.

நிமிர்த்தும் கருவி அந்தப் பட்டறையில் ஏது? அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஹேங்கரின் துளையில் உள்ள மரை 10 மில்லிமீட்டர் குறுக்களவு, 1 மில்லிமீட்டர் இடைவெளி. குவிக் ரிலீஸ் வைத்த பல மலை சைக்கிள்களின் பின்சக்கர அச்சுக்கும் அதே மரை. பழைய பின்சக்கரம் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன். மகன் சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போய்த் துருப்பிடித்த ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

ஆர்.டி.யைக் கழற்றினோம். பழைய சக்கரத்தின் நடுக்கம்பியை உருவிவிட்டு, அச்சு முனையை ஹேங்கரில் கையாலேயே திருகினேன். இப்போது என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம், இரட்டைப் பிள்ளைபோல. பெரியவர் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, இரண்டு சக்கரங்களின் விளிம்புக்கும் நடுவே வைத்து அளந்தார். கீழே நெருக்கம், மேலே இரண்டு விரல் அகலம் கூடுதல். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்று. வெளிச் சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து உள்ளே அழுத்தினார், கொஞ்சம்தான். அளந்தார். மறுபடி கொஞ்சம். “ஒரே அமுக்கா அமுக்குனா ஒடிஞ்சிடும். அலுமினியம் கோவக்காரப் பய” என்றார். நாலு பக்கமும் ஈர்க்கு ஒரே மாதிரி பொருந்த இருபது நிமிஷம் ஆனது.

அதற்குப் பிறகு நான் கெடுத்ததையெல்லாம் சரி செய்தேன். செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, கேபிள் திருகை முழுக்க உள்ளே விட்டு, ஒரு சுற்று வெளியே எடுத்து, கேபிளைப் புதிதாகக் கட்டினேன். ஓரத் திருகுகளைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு கியராக ஏற்றி, ஏறத் தயங்கினால் கால் சுற்று இறுக்கி, இறங்கத் தயங்கினால் கால் சுற்று தளர்த்தி வந்தேன். மூன்றே திருப்பத்தில் முடிந்தது. காலையில் முக்கால் மணி நேரம் முடியாத வேலை.

காசு வேண்டாம் என்று சொல்லுவார், நான் வற்புறுத்துவேன் என்றெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். “பதினஞ்சு வெள்ளி” என்றார். “பத்து வேலைக்கு, அஞ்சு சக்கர வாடகை.”

வளைந்து நிமிர்ந்த ஹேங்கர் முன்போல இராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே ஏற்றத்துக்குப் போனபோது பெரிய பல்சக்கரத்தைத் தொடவில்லை. கடைசி வளைவில் இறங்கித் தள்ளினேன். கிள்ளான் திரும்பியதும் என் சட்டகத்துக்கான ஹேங்கர் இரண்டு வாங்கினேன். ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேறு வேறு வடிவம் என்பதால் பழையதைக் கையில் கொண்டுபோய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று சைக்கிளில், ஒன்று பையில், கூடவே இரண்டு குவிக் லிங்க். செயினையும் மாற்றிவிட்டேன். இப்போது அந்தப் புதுச் செயின், நான் அதிகம் ஓட்டித் தேய்த்த இரண்டு பல்சக்கரங்களில் மட்டும் அழுத்தி மிதித்தால் வழுக்குகிறது. கேசட் விலையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.