கோப்பு சேமிக்க ஒரு நிமிடம்

கல்லடியிலுள்ள எங்கள் அலுவலகத்தில், கணக்குப் பிரிவுச் சகோதரி பொதுக் கோப்புறையிலுள்ள 60 மெகாபைட் எக்செல் கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரு நிமிடம் காத்திருந்தார். மாதக் கடைசியில் அது அவருக்குப் பெரும் வேதனை. அக்கோப்புறையை வைத்திருக்கும் பொதுக் கணினியான சேவர் பழையது, மாற்ற வேண்டும் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதே கோப்பைப் பக்கத்து மேசைக் கணினியிலிருந்து சேமித்தபோது உடனே முடிந்ததால், சேவரில் குற்றமில்லை என்பது எனக்கு உறுதியாயிற்று. அவருடைய கணினியின் சொந்த வன்தட்டிலும் தாமதமில்லை.

எஞ்சியது இடையிலுள்ள கேபிள்தான். வலையமைப்பு இணைப்பின் வேகத்தைத் திறந்து பார்த்தேன்: 1 கிகாபிட் இருக்கவேண்டிய இடத்தில் 10 மெகாபிட், அதாவது செக்கனுக்கு 1.25 மெகாபைட்டுக்கு மேல் செல்லாத வேகம். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று பழுதானாலும் இணைப்பு அறாமல், சத்தமின்றி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடக்கூடும் என்பதால்தான் இக்குறை இத்தனை நாள் மறைந்திருந்தது.

மேசைக்கால் நசுக்கியிருந்த கேபிளை மாற்றினேன். சகோதரி சேமித்துப் பார்த்துவிட்டு, “முடிஞ்சிற்றா தம்பி?” என்று கேட்டார். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.