'மூடியது' எண்டா ஆருக்கு மூடியது?

போன மாரிக்கு மகாவலி ஆறு பெருகி திருகோணமலையில வெருகல், மூதூர் பக்கம் தண்ணி நிண்டநேரம் எங்கட உப்புவெளிப் பெடியள் சேர்ந்து உலர் உணவு குடுக்க இணையத்தில ஒரு குரூப் தொடங்கினம். அட்மின் நான்தான், ஏனெண்டா என்னட்ட மட்டும்தான் லேப்டொப் இருந்தது, வேற தகுதி ஒண்டும் இல்ல. தொடங்கேக்க பொது, மூடியது, ரகசியம் எண்டு மூண்டு காட்டிச்சு. மூடியது எண்டா மூடினதுதானே எண்டு அமத்திட்டன்.

நாலாம் நாள் ராத்திரி முன்பின் தெரியாத ஒரு பிள்ளை மெசேஜ் போடுது, "அண்ணா, உங்கட லிஸ்டில எங்கட அம்மாட ஐசி நம்பர் கிடக்கு, எடுத்து விடுங்கோ" எண்டு. அவ குரூப்பிலயே இல்ல. எனக்கு வேர்த்துப் போச்சு. ஐசி, அதான் தேசிய அடையாள அட்டை, அந்த நம்பர் சும்மா நம்பர் இல்லப் பாருங்கோ, புது 12 இலக்கத்தில முதல் நாலும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள், பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும், பக்கத்தில போன் நம்பரும் வீட்டு விலாசமும் வேற.

குரூப்பில இல்லாத மச்சான்ர போனை வாங்கிப் பாத்தன். அட்மின்ர கண்ணால பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும், அதுதான் பிழை. மச்சானுக்கு குரூப்பின்ர பேர் தெரியுது, ஆரார் உறுப்பினர் எண்டு முழு லிஸ்டும் தெரியுது, உள்ள போட்ட பதிவு மட்டும்தான் தெரியேல்ல. அப்ப ஐசி நம்பர் எப்பிடிப் போச்சு? அந்த லிஸ்ட் சாமான் குடுக்கிற ஆக்கள்ட விபரம், வேற இடத்தில இருந்த ஒன்லைன் ஷீட், குரூப்பில லிங்க் மட்டும்தான் போட்டனாங்கள். ஷீட்டுக்குத் தனி செட்டிங், 'லிங்க் உள்ள எவரும்' எண்டு கிடந்தது, அதுவும் திருத்தலாம் எண்ட அனுமதியோட! ஆரோ நல்ல மனசோட வாட்ஸ்அப்பில ஃபோர்வேட் பண்ணிட்டினம். கேற்றைப் பூட்டிட்டு வீட்டுக் கதவைத் திறந்து விட்ட கதைதான்.

முதல் வேலையா ஷீட்டை அஞ்சு பேருக்கு மட்டும் எண்டு மாத்தி ஐசி நம்பர் நிரலை அழிச்சன். பிறகுதான் விளங்கிச்சு, பழைய வேர்சன் ஹிஸ்ட்ரியில அது அப்பிடியே இருக்கு, திருத்திற அனுமதி உள்ளவை திரும்ப எடுக்கலாம். புது ஷீட்டில தேவையானதை மட்டும் ஏத்திப்போட்டு பழசைத் தூக்கினன். டவுன்லோட் பண்ணினவையிட்ட ஒண்டும் செய்யேலாது. உண்மையில அரிசி மூட்டை குடுக்க ஐசி நம்பர் என்னத்துக்கு, அதை ஆர் கேட்டது எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

குரூப்பை ரகசியத்துக்கும் மாத்திப் பாத்தன். அடுத்தநாளே அரிசி தாற கடைக்கார ஐயா "என்ன தம்பி, தேடினாக் காணேல்ல, ரகசியமாவோ காசு சேக்கிறியள்?" எண்டார். திரும்ப மூடியதுக்கே வந்தன். பேஸ்புக் 2019இல மூடியது, ரகசியம் எண்ட ரெண்டு சொல்லையும் விட்டுட்டு, உள்ள இருக்கிறதை ஆர் பாக்கலாம் எண்டது ஒண்டு, குரூப்பைத் தேடினா ஆர் கண்டுபிடிக்கலாம் எண்டது வேற ஒண்டு எண்டு பிரிச்சது. ரெண்டு கேள்விக்கு ஒரு சொல்லால மறுமொழி சொல்லேலாதுதானே. நாங்கள் பாவிச்சது பேஸ்புக் இல்ல, வேற தளம், அதில இன்னும் அந்தப் பழைய சொல்லுதான்.

அதால குரூப் விபரத்தில நானே எழுதி விட்டன்: "பேரும் ஆக்களும் ஊருக்கே தெரியும், பதிவு எங்களுக்கு மட்டும், லிஸ்ட் அஞ்சு பேருக்கு மட்டும்." எழுதி முடிய ஒரு பெடியன் கேக்கிறான், "அண்ணா, லிஸ்ட் திறக்குதில்ல, லிங்கை ஒருக்கா எல்லாருக்கும் விடுங்கோவன்."