மூணு பிட் புல்லும் ஒரு தீவனக் கடையும்

தமிழ்நாடு-கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகிற வழியில் எனக்கு ஒரு மாட்டுத் தீவனக் கடை இருக்கிறது. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தாது உப்பு. எந்தத் தோப்பில் எந்த மாடு கன்று போட்டது என்பதிலிருந்து எந்த வீட்டில் வாய்த்தகராறு என்பது வரை எல்லாச் சேதியும் என் கல்லாவைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகும். 2024 மார்ச் கடைசியில் இந்தச் சேதியும் அப்படித்தான் வந்தது.

“மூடிக் கெடக்கற கோழிப்பண்ணைக்குள்ள நாய் கத்துதுங்க. ரெண்டு நாளாச்சு. ஆளைக் காணோம்.”

காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. அந்த மாதம் 12ஆம் தேதி மத்திய அரசின் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பிட் புல், ராட்வீலர், கேன் கோர்சோ என்று 23 இன நாய்களை இறக்குமதி செய்யவோ விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ விடக் கூடாது, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்தச் செய்தி எங்கள் பக்கம் யார் காதிலும் விழவில்லை. ‘தடை’ என்ற வார்த்தை மட்டும் நன்றாக விழுந்துவிட்டது. குட்டி போட வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள்.

“நாய்தானுங்ண்ணா, பூட்டை ஒடச்சுக் கூட்டிட்டு வந்துரலாம்” என்றான் கடைப் பையன். அந்த அவசரம் கூடாது. நாய் சட்டப்படி ஒருவருடைய சொத்து. நாளைக்கு அவனே வந்து ‘என் நாயைத் திருடிட்டாங்க’ என்று நின்றால் நம்மிடம் பதில் இருக்காது. பஞ்சாயத்து மெம்பரைக் கூப்பிட்டு, ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து, போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்ற பிறகுதான் பூட்டு உடைந்தது. அதற்குள் ஒரு நாள் போய்விட்டது. அந்த ஒரு நாளும் கம்பி வலை வழியாக ஹோஸ் விட்டுத் தண்ணீர் காட்டினோம்.

பாலக்காட்டு மார்ச் வெயில், மேலே தகரக் கூரை. மூன்று மூலையில் மூன்று சங்கிலி, ஒன்றுக்கொன்று எட்டாத அளவுக்கு அளந்து கட்டியிருந்தது. கட்டியவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இரண்டுக்குக் காது மண்டையோடு ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. ஓரமெல்லாம் கோணல்மாணல், டாக்டர் கை வைத்த வேலை இல்லை. முகத்திலும் முன்னங்காலிலும் முடி முளைக்காத தழும்புகள். கறுப்புப் பெட்டைக்கு மடி துவண்டு தொங்கியது. எத்தனை ஈத்து ஈன்றதோ. சங்கிலியை அவிழ்த்ததும் சாம்பல் நிறப் பெட்டை நேராக வந்து என் முழங்காலில் உடம்பு முழுசையும் சாய்த்து நின்றுகொண்டது. கடிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற எனக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை.

நாய் வியாபாரிகள் அந்தச் சாம்பல் நிறத்தை ‘ப்ளூ’ என்கிறார்கள். காங்கேயம் மாடு பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது மயிலை. சிவப்புக் கடுவன் செவலை. மூன்றாவது கருப்பி. பெயர் வைக்கும் படலம் அத்தோடு முடிந்தது. ஆனால் என் அம்மாவுக்கு ஒரு குழப்பம். பக்கத்து வீட்டு மலையாளத்து அக்கா ‘மூணு பட்டி வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போக, அம்மா மூன்று ஆட்டுப் பட்டி போடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆடு எங்கே என்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லையில் இருந்தால் இப்படித்தான். நமக்குப் பட்டி, ஆடு அடைக்கிற இடம். அவர்களுக்கு அதுவே நாய்.

வீடு தேடுவதற்கு முன்னால் உடம்பைத் தேற்ற வேண்டும். உண்ணி, சொறி, குடற்புழு எல்லாம் எதிர்பார்த்ததுதான். மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்ததில் செவலைக்கும் கருப்பிக்கும் பேபீசியா கிப்சோனி என்றார்கள். ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்துகொள்ளும் ஒட்டுண்ணி. உண்ணிக் கடியால் வரும், நாய்க்கு நாய் சண்டையில் கடித்துக்கொண்டாலும் பரவும். பிட் புல்களில் இது அதிகம் இருப்பதற்கு அந்த இரண்டாவது வழிதான் காரணம். மருந்து கொடுத்த பிறகும் சிலவற்றில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், வாங்கிப்போகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தாடை பூட்டிக்கொண்டால் திறக்காதாமே என்று அங்கே டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். எலும்பில் அப்படி ஒரு பூட்டும் கிடையாதாம். பிடித்ததை விடமாட்டேன் என்கிற பிடிவாதம்தானாம்.

அந்தப் பிடிவாதத்தை நான் நேரில் பார்த்தது மூன்றாவது வாரம். கருப்பியையும் மயிலையையும் ஒருநேரத்தில் வெளியே விடுவதில்லை, ஒன்று உள்ளே இருந்தால் ஒன்று வெளியே என்று முறை வைத்திருந்தோம். ஒரு நாள் கொக்கி சரியாக மாட்டவில்லை. ஒரு தேங்காய்த் தொட்டியில் மிச்சம் இருந்த சோற்றுக்காக இரண்டும் பிடித்துக்கொண்டன. சத்தமே இல்லை, அதுதான் பயம். தெருநாய்ச் சண்டையில் முக்கால்வாசி கத்தல்தான். இதில் மூச்சு மட்டும் கேட்டது. நான் செய்யக் கூடாததைச் செய்தேன். நடுவில் கையைக் கொடுத்தேன். வலது உள்ளங்கையில் இரண்டு ஓட்டை. பிறகு கடைப் பையன் ஒன்றையும் நான் ஒன்றையும் பின்னங்காலைத் தூக்கி, தள்ளுவண்டி மாதிரி பின்னால் இழுத்துப் பிரித்தோம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட்டார்கள். தடுப்பூசி அன்றைக்கும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும். என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அது நியாயம்தான்.

இந்த நாயின் முன்னோர்களை இங்கிலாந்தில் காளைமேல் ஏவி வேடிக்கை பார்த்தார்கள். 1835இல் சட்டம் அதைத் தடுத்ததும் நாயை நாயோடு மோதவிட்டார்கள். அந்தக் குணம் ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். ‘அன்பாக வளர்த்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ‘எல்லாவற்றையும் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும்’ என்கிறவர்களையும்தான். 2007இல் அமெரிக்காவில் மைக்கேல் விக் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீரரின் நாய்ச்சண்டைக் கூடத்திலிருந்து 50 நாய்கள் மாதிரி மீட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்து முடிவெடுத்ததில் பெரும்பாலானவை பிழைத்தன. சில நேரே வீடுகளுக்குப் போயின, 22 நாய்கள் யூட்டாவில் இருக்கும் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ‘தனித்தனியாக’ என்ற அந்த ஒன்றைத்தான். மயிலைக்கு மனிதர்கள் என்றால் உயிர், நாய் ஆகாது. செவலைக்கு நாய் பிரச்சினையில்லை, குடை விரித்தால் ஒண்ணுக்குப் போய்விடும். கருப்பிக்கு யாரும் வேண்டாம், தூங்க விட்டால் போதும்.

வீடு கிடைக்கும்வரை நாயை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களை இந்த வேலையில் இருப்பவர்கள் ஃபாஸ்டர் என்பார்கள். எங்கள் ஊரில் அந்த வார்த்தை எடுபடவில்லை. மாட்டை இன்னொருத்தரிடம் பங்குக்கு வளர்க்க விடுகிற மாதிரி, “வாரத்துக்கு விடறதுங்க” என்றேன், உடனே புரிந்தது. “அப்ப குட்டியில பங்குண்டுங்களா?” என்று ஒருத்தர் கேட்டார். குட்டியே கிடையாது என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் மயிலையை ஓய்வு பெற்ற ஒரு தமிழ் டீச்சர் எடுத்துக்கொண்டார். வேறு நாய் இல்லாத வீடு, உயரமான காம்பவுண்டு. செவலை ஒரு கள் இறக்குகிறவர் வீட்டுக்குப் போனான். சோறு, கோழித்தலை, மருந்து எல்லாம் என் செலவு. இடமும் கண்ணும் அவர்களுடையது. அந்தக் கணக்கை முதல் நாளே பேசிவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது.

நிரந்தரமாகக் கொடுக்கிறேன் என்று போட்டோ போட்டதும் போன் வர ஆரம்பித்தது. பிட் புல்லுக்கு ஆள் கிடைக்காது என்று நினைத்தால் அது தப்பு. ஆள் வந்து குவியும். வேண்டாம் என்று சொல்வதுதான் வேலையே. பத்துப் பேரில் ஏழு பேரின் முதல் கேள்வி, “ஆணா பொண்ணா, கிராஸ் போடலாமா?” மீதிப் பேர், “தோப்புக் காவலுக்கு ஆகுமுங்களா?” எங்கள் பக்கத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், நாயைப் பகலெல்லாம் தென்னையில் கட்டிவைத்து, ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். சாதாரண நாய்க்கே அது நல்லதில்லை. இதை அப்படி வைத்தால் ஒருநாள் தேங்காய் பொறுக்க வருகிற பிள்ளைமேல்தான் விடியும்.

அதனால் கருத்தடை செய்யாமல் ஒன்றையும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ‘குடும்பக் கட்டுப்பாடு ஆயிருச்சு’ என்று சொன்ன நிமிடமே பாதி போன் தானாக வைக்கப்பட்டுவிடும். ஒருத்தர் விவரமானவர். செவலைக்கு ஆபரேஷன் முடிந்து பத்து நாளில் வந்து, “ரெண்டு வாரத்துக்கு மட்டும் குடுங்க, பழக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். ஆபரேஷன் செய்த பிறகும் ஆண் நாய்க்குச் சில வாரம் வரை சினைப்படுத்தும் தெம்பு மிச்சம் இருக்கும். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

போன் தாண்டி வருகிறவர்களிடம் நான் கேட்கிறவை சின்ன விஷயங்கள்தான். வீட்டில் வேறு நாய் உண்டா, விருந்தாளி வந்தால் நாயை எங்கே விடுவீர்கள், வீட்டம்மாவுக்கும் சம்மதமா. பிறகு நேரில் போய்ச் சுவரையும் கேட்டையும் பார்ப்பேன். 2022 ஜூலையில் லக்னோவில் வீட்டில் வளர்த்த பிட் புல் கடித்து 82 வயது அம்மா ஒருவர் இறந்துபோனதையும் நானே எடுத்துச் சொல்வேன். கேட்டுவிட்டு முகம் மாறினாலும் உட்கார்ந்து அடுத்த கேள்வி கேட்கிறவரோடுதான் பேச்சு தொடரும். கேரளப் பக்கம் என்றால் பஞ்சாயத்து லைசன்ஸ், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று. அந்தக் காகிதம் என் கைக்கு வந்த பிறகுதான் நாய் கை மாறும்.

இவ்வளவு பார்த்தும் கருப்பி விஷயத்தில் ஏமாந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒருத்தர், எல்லாக் கேள்விக்கும் நான் எழுதிக் கொடுத்த மாதிரி பதில் சொன்னார். வீடும் நன்றாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் மறந்துவிட்டேன். ஐந்தாவது வாரம் போன், குரல் நடுங்குகிறது. “ஏனுங்க, உங்க நாய் என் சேவலைக் கொன்னுருச்சுங்க.” பின்னால் வரிசையாகக் கூடை கவிழ்த்துக் கட்டுச் சேவல் வளர்க்கிறவர். செத்தது அவருடைய முதல் சேவல், விலை சொன்னால் எனக்கே தலை சுற்றியது. சேவலைச் சண்டைக்கு விடுகிறவர், நாய்க்கு ரத்தவெறி என்று என்னிடம் நியாயம் கேட்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. மிருகங்களை மோதவிட்டால் முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்கிறது 1960ஆம் வருடத்துச் சட்டம். அந்தக் காசுக்கு என் கடையில் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்குகூட வராது. அதைப் போய் அவரிடம் என்ன சொல்வது? ‘ஒத்துவராவிட்டால் நாயை என்னிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது’ என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியிருந்தேன். அந்த ஒரு வரி அன்றைக்குக் காப்பாற்றியது. ஆம்னி வண்டியில் போய்க் கூட்டிவந்தேன். வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள், மூக்கில் ஒரு சிவப்பு இறகு ஒட்டியிருந்தது.

இப்போது வீட்டுக்குப் பின்னாலும் பார்க்கிறேன்.

கருப்பி பிறகு வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தங்கை இருவர் வீட்டுக்குப் போனாள். கோழி இல்லை, நாய் இல்லை, பகல் முழுக்க மிஷின் சத்தம். மிஷினுக்கு அடியில் துணி வெட்டின துண்டுகள் குவிகிற இடம்தான் அவளுக்குப் படுக்கை. செவலையைக் கள் இறக்குகிறவர் திருப்பித் தரவே இல்லை. “குடைய மட்டும் நாங்க வீட்டுக்குள்ள விரிக்கறதில்லீங்க” என்றார், அவ்வளவுதான் பேச்சு. லைசன்ஸை அவர் பெயருக்கு எடுத்துக் கொடுத்தேன்.

மயிலை இன்னும் டீச்சர் வீட்டில்தான். டீச்சருக்கு முழங்கால் ஆபரேஷன் வரப்போகிறது, அதற்குள் இடம் பார்க்க வேண்டும். நாய் இல்லாத வீடாக, எப்போதும் ஒருத்தராவது வீட்டில் இருப்பதாக. போன வாரம் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். அந்தத் தம்பி காலில் மயிலை சாய்ந்து நின்றபோது அவர் நகரவில்லை, அந்தம்மா மட்டும் இரண்டு அடி தள்ளியே நின்று எல்லாக் கேள்வியும் கேட்டார். எனக்கு அந்தம்மாவைத்தான் பிடித்தது. அவர்கள் வீட்டு கேட்டின் கொக்கி வெளிப்பக்கம் இருக்கிறது, ரோட்டில் போகிற யாரும் திறந்துவிடலாம். உள்பக்கம் மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று வெல்டிங்காரர் வந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.