ஐவெர்க்ஸ் சொன்னதை வால்ட் ஏன் நம்பவில்லை?

1928 பிப்ரவரியில் நியூயார்க்கில் சார்லஸ் மின்ட்ஸ் வால்ட் டிஸ்னியிடம் என்ன சொன்னார் என்பது கார்ட்டூன் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். வால்ட் தயாரித்த 'ஆஸ்வால்ட்' முயல் கார்ட்டூன் படம் ஒன்றுக்கு 2,250 டாலர் வந்துகொண்டிருந்தது. அதை 2,500 ஆக்கிக் கேட்கப் போனார் வால்ட். விநியோகஸ்தரான மின்ட்ஸ் ஏற்றித் தராமல் இருப்பதைக் குறைக்கப் பார்த்தார். ஒத்துவராவிட்டால் பரவாயில்லை, உங்கள் ஓவியர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எங்களிடம் கையெழுத்துப் போட்டாயிற்று. முயலும் யுனிவர்சல் கம்பெனியின் சொத்து. பேச்சின் சாரம் இவ்வளவுதான். இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே பாடத்தில் வந்து நிற்பார்கள்: பாத்திரத்தின் உரிமையைக் கைவிடாதே.

எனக்கு அந்தப் பேச்சைவிட, அதற்கு முன் ஹாலிவுட்டில் நடந்த ஒரு சின்னப் பேச்சுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வால்ட் நியூயார்க்குக்குக் கிளம்புவதற்கு முன்பே அவருடைய முக்கிய ஓவியர் அப் ஐவெர்க்ஸ் அவரை எச்சரித்திருக்கிறார். மின்ட்ஸின் மைத்துனர் ஜார்ஜ் விங்க்ளர், முடிந்த ரீல்களை வாங்கிப்போக வரும்போதெல்லாம் நம் ஓவியப் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார், எங்களிடம் வந்துவிடு என்று என்னிடமும் கேட்டார், நான் மாட்டேன் என்றேன். வால்ட் நம்பவில்லை. கன்சாஸ் சிட்டிக் காலத்திலிருந்து கூடவே இருந்தவன், தனக்கு எந்த லாபமும் இல்லாமல் வந்து சொல்கிறான். அதை ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை?

வால்ட் பக்கம் நின்று யோசித்தால் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் 26 படங்களுக்கு, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு படம். எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் ஒரு படம் கேமராவுக்குக் கீழே இருக்கும், அடுத்தது ஓவியர் மேஜையில் இருக்கும், அதற்கடுத்தது வெறும் பேச்சாக இருக்கும். பென்சிலில் வரைந்த தாளை விளக்கு மேஜையில் ஆணிகளில் மாட்டி, அதன்மேல் 'செல்' எனப்படும் செல்லுலாய்டு தாளை வைத்து மையால் கோடு இழுக்க வேண்டும். மை காய்ந்ததும் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிரப்ப வேண்டும். பின்பக்கம் பூசினால்தான் தூரிகைத் தடம் தெரியாது, முன்பக்கக் கோடும் கெடாது. பூச்சு தடித்துப்போனால் தாள் வளையும்போது வெடித்து உதிரும். செல் விலை அதிகம் என்பதால் படம் முடிந்ததும் கழுவி மறுபடி உபயோகிப்பார்கள். நாலைந்து முறை கழுவிய தாளில் விழும் கீறல் திரையில் தூறலாகத் தெரியும்.

இன்னொரு தொல்லை, அடுக்கு. அந்தக் காலத்துச் செல் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்காது. ஒவ்வொன்றும் பின்னணி ஓவியத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். ஒரு பிரேமில், அதாவது பிலிமின் ஒரு கட்டத்தில், மூன்று செல், அடுத்த பிரேமில் இரண்டு செல் என்று வைத்தால் திரை மினுங்கும். அதனால் படம் இல்லாத பிரேமிலும் வெற்றுச் செல் ஒன்றை வைத்து எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தோமா என்பது நெகட்டிவ் கழுவி வந்த பிறகுதான் தெரியும். பென்சில் கோட்டையே முதலில் படம் பிடித்துப் பார்த்துத் திருத்தும் வழக்கம் 1930களில்தான் டிஸ்னியில் ஊன்றியது. இப்படி நாள் ஓடும் இடத்தில், யார் யாரோடு தெருவில் நின்று பேசினார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தயாரிப்பாளருக்கு நேரம் இருக்கும்?

ஆனால் இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டால் வால்டுக்கு எதிராகவே திரும்புகிறது. வேலை இப்படிக் கோத்திருக்கும்போது நாலு ஓவியர்கள் எழுந்து போனால் மூன்று படங்கள் ஒரே நாளில் நிற்கும். மின்ட்ஸ் விலைகொடுத்து வாங்கியது அதைத்தான். பெயர்ப்பலகை முதலாளியிடம் இருந்து என்ன, மாஸ்டர் போய்விட்டால் பரோட்டா ஏது? ஐவெர்க்ஸ் வந்து சேர்ந்த 1924இலேயே வால்ட் தானாக வரைவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். சரியான முடிவுதான், அவரைவிட ஐவெர்க்ஸ் பல மடங்கு நன்றாக வரைவார். ஆனால் மேஜையை விட்டு எழுந்தவருக்கு மேஜைப் பேச்சு காதில் விழாது. அவரிடம் வேலை பார்த்த ஹ்யூ ஹார்மனும் ருடால்ஃப் ஐசிங்கும் சொந்த ஸ்டுடியோ தொடங்கும் ஆசையை நெடுநாளாக வைத்திருந்தவர்கள். 1926இல் ஸ்டுடியோ ஹைபீரியன் அவென்யூ என்ற தெருவுக்கு மாறியபோது 'டிஸ்னி பிரதர்ஸ்' என்ற பெயர் 'வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ' ஆயிற்று. அண்ணன் ராய் அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். பத்து மணிநேரம் குனிந்து வரைகிறவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டிருப்பார்கள்? வால்ட் வேலை வாங்குவதில் கறாரானவர், வாயும் கடுமை. மின்ட்ஸிடம் போனவர்கள் பணத்துக்காக மட்டும் போனார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. கவலை வேண்டாம், எல்லாம் நலம் என்று ராய்க்குத் தந்தி அடித்துவிட்டு வால்ட் வெறுங்கையோடு ரயிலேறினார். ஒப்பந்தத்தில் பாக்கி இருந்த ஆஸ்வால்ட் படங்களைப் போகப்போகிறவர்களே அதே கட்டடத்தில் உட்கார்ந்து முடித்துக்கொண்டிருந்தார்கள். ஐவெர்க்ஸ் தனியாக மிக்கியின் முதல் படமான 'பிளேன் கிரேஸி'யை வரைந்தார். யாராவது வந்தால் மேலே மூட ஆஸ்வால்ட் தாள்கள் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தன. நாளுக்கு 700 படங்கள் வரைந்தார் என்பார்கள். 700 என்றால் இடைவிடாமல் பத்து மணிநேரம் உட்கார்ந்தாலும் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வட்டங்களாலும் ரப்பர் குழாய் மாதிரிக் கைகால்களாலும் ஆன எலி என்பதால்தான் அது முடியும். மிக்கியின் உருவம் அழகுக்காக மட்டும் அப்படி அமையவில்லை என்பது என் எண்ணம். மை இழுப்பதும் வண்ணம் நிரப்புவதும் வால்ட் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தன. செய்தவர்கள் வீட்டுப் பெண்கள்.

கவனித்தால், இங்கே ஸ்டுடியோவைக் காப்பாற்றியது உரிமைப் பத்திரம் அல்ல. உரிமை கையில் இல்லாமலே ஒரு ஓவியர் இருந்ததால் இன்னொரு பாத்திரம் பிறந்தது. உரிமையைக் கையில் வைத்திருந்த யுனிவர்சல், 1929இல் மின்ட்ஸையும் கழற்றிவிட்டு ஆஸ்வால்டை வால்டர் லான்ட்ஸ் என்ற இன்னொரு கார்ட்டூன்காரரிடம் கொடுத்தது. ஆள்பிடித்தவருக்கும் முயல் மிஞ்சவில்லை.

அப்படியானால் பாடம் 'ஆளைக் கைவிடாதே' என்பதா? அப்படித்தான் முடிக்க நினைத்தேன். ஆனால் 1930 ஜனவரி குறுக்கே நிற்கிறது. வால்ட் 1928 மார்ச்சுக்குப் பிறகு ஐவெர்க்ஸுக்கு 20 சதவீதப் பங்கு கொடுத்தார். சம்பளத்தில் வாராவாரம் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒலியோடு வந்த மிக்கி படமான 'ஸ்டீம்போட் வில்லி'யின் தலைப்பு அட்டையில் வால்டுக்குக் கீழே ஐவெர்க்ஸ் பெயரும் உண்டு. பங்கும் பெயரும், இரண்டும் கிடைத்தன. அப்படியும் அவர் போனார். இந்த முறை ஆள்பிடித்தவர் ஒலிப்பதிவுக் கருவி கொடுத்த பாட் பவர்ஸ். அதே தந்திரம், அதே அதிர்ச்சி. இசை அமைத்த கார்ல் ஸ்டாலிங்கும் அதே வாரங்களில் விலகினார். ஐவெர்க்ஸ் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொண்டது 2,920 டாலர்.

காரணம் எக்ஸ்போஷர் ஷீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்தப் படம் எத்தனை பிரேம் நிற்க வேண்டும் என்று எழுதும் தாள் அது. ஒலி வந்த பிறகு விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படங்கள். அந்த இரண்டை மூன்றாக்கினால் குதிப்பு கனக்கும், ஒன்றாக்கினால் பறக்கும். ஐவெர்க்ஸ் வரைந்து எழுதிவைத்த கணக்கை வால்ட் இரவில் வந்து மாற்றிவிட்டுப் போவார். படம் அதனால் மேம்பட்டிருக்கும், அதைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருவன் வரைந்ததில் நேரத்தை மாற்றுவது அவன் கையெழுத்தைத் திருத்துவது. ஐவெர்க்ஸுக்கு முதலிலிருந்து கடைசிவரை தானே ஓட்டமாக வரைந்துபோவதுதான் பிடிக்கும். முக்கிய நிலைகளை மட்டும் போட்டுவிட்டு நடுப் படங்களை உதவியாளருக்குத் தள்ளச் சொன்னதும் அவருக்கு ஒவ்வவில்லை.

அவர் போன பிறகு அந்த முறைதான் நிலைத்தது. மூத்தவர் முக்கிய நிலைகளைப் போடுவார், உதவியாளர் கோட்டைத் துப்புரவு செய்வார், புதிதாக வந்தவர் நடுப் படங்களை நிரப்புவார். 1932இல் டான் கிரஹாம் வந்து ஓவிய வகுப்பு நடத்தினார். இனி எந்த ஒருவர் எழுந்து போனாலும் படம் நிற்காது. 1937 டிசம்பரில் வந்த 'ஸ்னோ வொயிட்' அந்தக் கட்டமைப்பு இல்லாமல் சாத்தியமே இல்லை. மின்ட்ஸ் அறையில் கற்ற உண்மையான பாடம் இதுவாகவும் இருக்கலாம்: யாரையும் நம்பத் தேவையில்லாத ஒரு ஸ்டுடியோ. குறும்படங்களில் ஓவியர்களின் பெயரும் நின்றுபோனது. 1941 மே 29 அன்று அதே ஸ்டுடியோவின் வாசலில் ஓவியர்கள் வேலைநிறுத்தப் பலகையோடு நின்றபோது வால்ட் அதையும் துரோகமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மின்ட்ஸ் பக்கம் போன ஹார்மனும் ஐசிங்கும் என்ன கற்றார்கள் என்பது தனி வேடிக்கை. 'பாஸ்கோ' என்ற பாத்திரத்தின் உரிமையை அவர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1933இல் தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கரோடு பணத் தகராறு வந்தபோது பாஸ்கோவையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வால்டால் செய்ய முடியாததை அவரிடமிருந்து போனவர்கள் செய்துகாட்டினார்கள். பாஸ்கோவை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? ஷ்லெசிங்கர் வேறு ஆட்களை வைத்து வேறு பாத்திரங்களை வளர்த்துக்கொண்டார்.

ஐவெர்க்ஸின் சொந்த ஸ்டுடியோ 1936இல் மூடியது. 1940இல் அவர் டிஸ்னிக்கே திரும்பினார். வரைவதற்கு அல்ல, கேமரா, தந்திரக் காட்சி போன்ற கருவி வேலைகளுக்கு. பென்சில் கோட்டை ஜெராக்ஸ் முறையில் நேராகச் செல்லுக்கு மாற்றும் இயந்திரத்தை அமைத்தவர் அவர்தான். 1961இல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' முழுக்க அந்த முறையில் வந்தது. கையால் மை இழுக்கும் வேலை அதோடு பெரும்பாலும் போயிற்று.